நீல அட்டை நாற்று

புள்ளி விழுந்த இலையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கடையில் கீரைக்கட்டு வாங்கப் போனால், விலை கேட்பதற்கு முன்பே இரண்டு இலையைக் கிள்ளி எறிந்திருப்பேன். கடைக்காரர்கள் முறைப்பார்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். பதினாறு வயதில் கேமரன் மலையில் கொழுந்து எடுக்க இறங்கிய கை இது. எழுபதுகளில் எங்கள் தோட்டத்தில் கொப்புள நோய் வராத மழைக்காலம் கிடையாது. இளம் தேயிலையில் எண்ணெய் பட்டதுபோல ஒரு வட்டம் தெரியும். சில நாளில் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக உப்பிவிடும். அப்படி ஒரு கொழுந்து கூடைக்குள் கிடந்தால் கங்காணி கூடையையே கவிழ்த்து, எல்லார் முன்னாலும் பொறுக்க வைப்பார். என்னையும் ஒருமுறை பொறுக்க வைத்தார். பச்சை என்றால் நல்லது, புள்ளி என்றால் கெட்டது என்று அன்றைக்கு என் கண்ணில் பதிந்துபோனது.

எண்பதுகளில் கையால் கிள்ளுவது குறைந்து, இலையை வெட்டிப் பிடிக்கும் பெரிய கத்தரிக்கோல் வந்தது. கொழுந்து எடுக்க அத்தனை பெண்கள் தேவைப்படவில்லை. மலையிலேயே இருந்த ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கழுவத்தான் எடுத்தார்கள். இலையைக் கசக்காமல் பிடிக்கத் தெரிந்தவள் என்று கொஞ்ச நாளில் நாற்றுகளையும் என் பொறுப்பில் விட்டார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் குழாயடியில் ‘எங்க லேப்புல’ என்று தொடங்காமல் நான் ஒரு பேச்சும் பேசியதில்லை. கேட்டவர்கள் வாளி நிறைந்ததும் ஓடிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் மெஷினில் வேலை. அந்தச் சூட்டிலும் தூசியிலும் நின்று நின்று அவருக்குத் தோட்டமே வெறுத்துப் போயிருந்தது. மலையிலேயே கோலா தெர்லா என்ற ஊரில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கொஞ்சம் நிலம் வாடகைக்குக் கிடைத்தது. பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி நடப்போகிறேன் என்று ஒரு நாள் தோட்டத்து ஆபீசில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். அங்கே கணக்கெழுதும் கிராணி சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

“ரெண்டு மாசம் டைம் குடுக்கிறேன். ரெண்டாவது மாசம் கடைசி நாள், சாயங்காலம் நாலரை வரைக்கும் உன் பேரு செக்ரோல்ல இருக்கும். அதுக்குள்ள மனசு மாறுனா வந்துரு, வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். தாண்டிருச்சுன்னா பேர அடிச்சிருவேன். சாவியக் கொண்டாந்து வச்சிரணும்.”

தோட்டத்து வீடு தோட்டத்து வேலைக்காரனுக்குத்தான். நான் நிலையத்துக்குப் போனபோதே செக்ரோல் என்கிற ஆள்பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் எங்கள் மகளும் படுத்து எழுந்த அந்த இரண்டு அறை, இவர் ஒருவர் பெயரில்தான் நின்றது. தக்காளி நன்றாக வந்தால் கோலா தெர்லாவில் ஒரு வீடு பார்க்கலாம். வராவிட்டால் போய் நிற்க எங்களுக்கு ஓர் இடம் இல்லை. என் தம்பி வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர்.

பக்கத்தில் கியா பார்ம் என்ற ஊரில் நாற்று விற்கும் ஒருவரிடம் அப்போது இரண்டு ஜாதித் தக்காளி இருந்தது. ஒன்றின் தட்டில் சிவப்பு அட்டை செருகியிருப்பார், மற்றதில் நீல அட்டை. எது நல்லது என்று கேட்டால் ரெண்டும் நல்லதுதான் லா என்பார். அந்த இரண்டு ஜாதியையும் எங்கள் நிலையத்திலும் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

“இந்தா, பூசணத்தத் தாங்குறது எதுன்னு உங்க லேப்புல பாத்துச் சொல்லு. நீ சொல்றதத்தான் நடுவேன்.”

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிடுகிறேன் என்று பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன்.

அவர் பயந்தது இலைப்பூசணத்துக்கு. தக்காளி இலையின் மேல்பக்கம் மஞ்சளாக வெளுக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் பாசிபோல, ஒரு பழுப்புப் பச்சை மெத்தை விரிந்திருக்கும். பிளாஸ்டிக் கூரைக்கடியில் ஈரம் தேங்கினால் ஒரு வாரத்தில் வரிசை வரிசையாகப் போய்விடும். நிலையத்தில் அதை ஆராய்ந்துகொண்டிருந்தவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு மலாய்க்காரப் பெண். நாங்கள் அவரை மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம், அவர் என்னை அக்கா என்பார். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நோய் பிடித்த இலைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சுவோம். விட்டதும் இலைக்குள் இருக்கும் இடுக்குகளில் தண்ணீர் புகுந்துகொள்ளும். இலையைத் துடைத்து, சுற்றும் மெஷினில் போட்டால் அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். பூசணம் இலைக்குள் துப்பி வைத்ததெல்லாம் அதில் இருக்கும் என்றார் புவான். அந்த நீரை ஊசிக்குழாயில் எடுத்து, இரண்டு ஜாதியிலும் நோயே இல்லாத நாற்றுகளின் இலைக்குள் ஏற்றினோம். இலையைப் பிடித்தது நான், அழுத்தியது அவர். அது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் அவர் கூட்டம் ஒன்றுக்காகக் கோலாலம்பூருக்குப் புறப்பட்டார். தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதிவையுங்கள் என்று மட்டும் சொன்னார். எதை எதிர்பார்க்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை சிவப்பு அட்டை நாற்றுகளில் ஊசி போட்ட இடம் வெளுத்தது. வியாழக்கிழமை பழுப்பானது. வெள்ளிக்கிழமை தீய்ந்த அப்பளம்போலச் சுருங்கி, விரல் பட்டால் உதிர்ந்தது. நீல அட்டை நாற்றுகளில் எங்கே ஊசி போட்டோம் என்றே தெரியவில்லை. அத்தனை பச்சை. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும். பூசணத்தின் சாறு ஒரு துளி பட்டதற்கே செத்துப்போகிற செடி, பூசணமே வந்தால் நிற்குமா. கங்காணி என் கண்ணில் பதித்து வைத்ததை நான் தக்காளியிலும் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் நாற்று வாங்கக் கிளம்பியபோது, “நீல அட்டை, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க” என்றேன். மொத்த நிலத்துக்கும் நீல அட்டையே வாங்கினார். நிரை பிடித்து நட்டு முடித்த பிறகு, பக்கத்து நிலத்துக்காரரிடம் “என் வீட்டுக்காரி லேப்புல பாத்து எடுத்த ஜாதி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புவான் திரும்பி வந்தார். நோட்டைப் படித்துவிட்டு நேராகப் போய் சிவப்பு அட்டைத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, இது அருமையான செடி.”

அவர் தட்டை மாற்றி எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். “அதுதான் புவான் புள்ளி விழுந்து செத்தது.”

“அதனால்தான் சொல்கிறேன். நாம் ஏற்றியது பூசணத்தை இல்லை. அது துப்புகிற புரதங்களை மட்டும்தான். இந்தச் செடிக்கு அதில் ஒன்றை அடையாளம் தெரிகிறது. திருடன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும், அவன் நிற்கிற இடத்தைத் தானே கருக்கிக்கொள்கிறது. உயிரோடு இருக்கிற இலையில்தான் பூசணத்துக்குச் சாப்பாடு. அந்த இடம் செத்துவிட்டால் பூசணம் பட்டினி. ஒரு புள்ளியோடு போய்விடும்.”

“அப்படியென்றால் பச்சையாக நிற்பது?”

“அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறது.”

கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டுக் கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பூசணம் இலையின் மூச்சுத்துளை வழியாக நுழையும், செல்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில் படரும், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வெளியே ஒரு அடையாளமும் காட்டாது என்று புவான் பேசிக்கொண்டே இருந்தார். நான் நட்ட தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

காட்டிக்கொடுக்கிற புரதத்தைப் பூசணம் எதற்குத் துப்ப வேண்டும் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். அது இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றார். பல வருஷம் கழித்து வேறொரு ஆபீசர் விளக்கினார். பூசணத்தின் மேல்தோலை அரிப்பதற்குச் செடி ஒரு சாறு விடுமாம். பூசணம் துப்பும் புரதங்களில் ஒன்று அந்தத் தோலின்மேல் ஒட்டிக்கொண்டு அரிக்கவிடாமல் காக்குமாம். இன்னொன்று செடியின் சாற்றையே பிடித்து முடக்குமாம். செடியைச் சத்தம் போடவிடாமல் வைத்துக்கொண்டு உள்ளே குடும்பம் நடத்துகிறது என்று எனக்குப் புரிந்தது. சில செடிகள்தான் அந்தப் புரதத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கின்றன. இதெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு ஆர்வம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது பயம் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். நாற்று மண்ணுக்குள் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பிடுங்கிப்போட்டுச் சிவப்பு அட்டையை நட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் எங்கள் மகளுக்குக் கரும்பலகையில் நிலத்தைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “அம்மா எடுத்த ஜாதி, இங்க ஆறு நிரை, அங்க ஆறு நிரை” என்றார். ஊருக்கெல்லாம் லேப்புக்காரி என்று காட்டிக்கொண்டவள், பார்த்ததைத் தலைகீழாகப் படித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். எல்லா நிலத்திலும் பூசணம் வந்துவிடுமா என்ன என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து நிலத்தில் பழைய தக்காளி ஒன்று காய்த்து ஓய்ந்து நின்றது. அதன் இலையை ஒரு நாள் திருப்பிப் பார்த்தேன். அடியெல்லாம் பழுப்பு மெத்தை. காற்று அங்கிருந்து எங்கள் பக்கம்தான் வீசியது.

அதற்குப் பிறகு நிலையத்து வேலை முடிந்ததும் தினமும் வேன் பிடித்துக் கோலா தெர்லாவுக்குப் போனேன். ஐந்து மணிக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. போனதும் நிரை நிரையாகக் குனிந்து இலையைத் திருப்புவேன். கூரையின் பக்கத்துப் பிளாஸ்டிக்கைச் சுருட்டிவிடுங்கள், காற்று வரட்டும் என்றேன். அடி இலைகளைக் கழியுங்கள் என்றேன். வாரம் தவறாமல் மருந்தடியுங்கள் என்றேன். எல்லாம் புவானிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு வந்தவை.

“தாங்குற ஜாதின்னுதான சொன்ன, அப்புறம் எதுக்கு இவ்ளோ மருந்து?” என்றார் அவர்.

“லேப்புல அப்படித்தான் செய்யச் சொல்றாங்க” என்று எரிந்து விழுந்தேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எரிந்து விழுவது என் பழக்கம். அவர் மருந்துத் தொட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

முதல் மாதம் போனது. செடி இடுப்புயரம் வந்து பூ விட்டது. இலை பச்சையாகவே இருந்தது. எனக்குத் தூக்கமில்லை. பச்சையைப் பார்த்து நம்பிக் கெட்டவளுக்குப் பச்சையைப் பார்க்கப் பார்க்க பயம்தான் வந்தது. இரண்டாவது மாதம் முழுக்க மழை. கூரையடியில் நின்றால் மூச்சுவிட்ட ஈரம் முகத்திலேயே படியும். கிராணி சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லலாம் என்று போவேன், அவர் காய் பிடித்திருப்பதைக் காட்டுவார், சொல்லாமல் திரும்புவேன். ஆனாலும் ஒரு புள்ளிகூட என் கண்ணில் படவில்லை. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

மாதத்தின் கடைசி நாள் நிலையத்தில் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தபோது கை தவறி ஒரு குழாயை உடைத்தேன். இன்னும் சில மணி நேரத்தில் வீடு கையை விட்டுப் போகும், போவது தெரியாமலேயே அவர் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்ததும் அங்கே நிற்க முடியவில்லை. புவானிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு மணிக்கெல்லாம் நிலத்தில் இருந்தேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை.

அவர் கடைசி நிரையில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு. அதில் பாதிக்கு மேல் இலை. அருகில் போய் ஒரு கைப்பிடி அள்ளித் திருப்பினேன். எல்லாவற்றின் அடியிலும் பழுப்பு மெத்தை விரிந்து கிடந்தது.

“எப்பலேர்ந்து?”

“ஆச்சு, எட்டு ஒம்பது நாளு. நீ வர்றதுக்குள்ள கிள்ளிருவேன். உனக்குத் தெரிஞ்சா கவலப்படுவியேன்னுதான்.”

“கிராணிகிட்ட போயிருக்கலாமேங்க. நாள் இருந்துச்சே.”

“போலாம்னுதான் நெனச்சேன். ரெண்டு தடவ கெளம்பிட்டேன். அப்புறம், நீ பாத்து எடுத்த ஜாதியாச்சே, தாங்கிரும்னு இருந்துட்டேன்.”

நான் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். சிவப்பு அட்டை வெளுத்ததையும், நீல அட்டை பச்சையாக நின்றதையும், புவான் திரும்பி வந்து சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நட்ட மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவர் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். கையைக் கழுவினார்.

“மணி என்ன?” என்றார்.

மணி இரண்டரை. தவுக்கேயின் காய்கறி லோரி ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டோம். பாதி வழியில் மண் சரிந்து ஒரு பக்கச் சாலைதான் திறந்திருந்தது. எதிரே வந்த வண்டிகளையெல்லாம் விட்ட பிறகுதான் எங்களை விட்டார்கள். தோட்டத்து முச்சந்தியில் இறங்கும்போது நாலைத் தாண்டிவிட்டது. சாலை வழியாகப் போனால் ஆகாது என்று தேயிலைக்குள்ளேயே இறங்கி ஓடினோம். என் சேலை செடியில் மாட்டிக் கிழிந்தது. அவர் ஒரு கையால் என்னை இழுத்துக்கொண்டே ஓடினார். அந்தக் கைப்பிடியில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆபீசில் ஆள் வரிசை இருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள், லீவு கேட்க வந்தவர்கள் என்று எங்கள் லயத்து ஆட்களே பத்துப் பேர். கிராணி பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

“என்ன, தக்காளி தவுக்கே, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

வரிசையில் சிரித்தார்கள்.

“பேர அடிக்காதீங்க ஐயா. வேலைக்கு வந்துர்றேன்.”

“ஃபேக்டரியில உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. மருந்தடிக்கிற கூட்டத்துல வேணா எடம் இருக்கு. அது சரி, என்னாச்சு? உன் சம்சாரம் லேப்புலதான இருக்கு, கேட்டு நட்டிருக்கக் கூடாதா?”

நான் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், கிழிந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். குழாயடியில் என் பேச்சைக் கேட்டவர்கள்.

“அவ சரியாத்தான் சொன்னா ஐயா” என்றார் அவர். “நான்தான் கேக்காம மாத்தி நட்டுட்டேன்.”

கிராணி தலையில் அடித்துக்கொண்டு அவரை ஒரு பாட்டம் திட்டினார். படிச்சவ பேச்சக் கேக்காத ஆம்பளைக்கு விவசாயம் எதுக்கு என்றார். இவர் குனிந்து கேட்டுக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரம் இருந்தது, ஆள் இருந்தது, வார்த்தையும் இருந்தது. தேயிலையில் கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் அவர் பன்னிரண்டு வருஷம் தொட்டி சுமந்தார். எங்களுக்கு வீடு நிலைத்தது. என் பேச்சைக் கேட்காமல் நொடித்துப்போனவர் என்று லயத்தில் அவரைத் தக்காளி தவுக்கே என்றே கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த அன்று துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். அன்றும் நான் திருத்தவில்லை.